முறிந்துபோன நாட்களில் சாப்பிட்டவை

எங்கள் வீட்டில் கந்தசஷ்டி விரதத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆறு நாளில் எந்த நாளாவது வாய் தவறி ஒரு கடலை உள்ளே போனாலும் விரதம் முறிந்தது. முறிந்தால் முறிந்ததுதான். மிச்ச நாட்களைப் பிடித்துப் பிரயோசனமில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ நீட்டிய மிக்சரைத் தின்றுவிட்டு வந்து, போன நாட்களின் பட்டினிக்கும் சேர்த்து அன்று மத்தியானமே வெட்டியிருக்கிறேன். ஒருவரும் ஏசவில்லை. விரதம் முறிந்தவனுக்கு வீட்டில் கட்டுப்பாடு கிடையாது. அந்தச் சட்டம் முருகனுக்குத் தெரியுமோ என்னவோ, நாற்பது தாண்டிய பிறகும் அதன்படிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் வருடம் முழுவதும்.

அச்சுவேலியில் தண்ணீர் இறைக்கும் மெசின்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு புத்தூரில். உடம்பு பெருக்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு விரதக் கொடியேற்றம். சோறு இல்லை, சீனி இல்லை, எண்ணெய் இல்லை. காலையில் ஒரு பிடி குரக்கன் மாப் புட்டு, மத்தியானம் கீரை. அந்த நாட்களில் என்னோடு கதைத்த வாடிக்கையாளர்கள் பாவம். பெல்ட் ஒன்று கேட்டு வந்தவரிடம் மெசினையே விற்றுவிட்டுப் போங்கள் என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

பிறகு ஒரு பின்னேரம் யாராவது தேத்தண்ணியோடு, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ஒரு ரோல்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மரியாதைக்கு ஒரு கடி கடிப்பேன். அவ்வளவுதான், நாள் முறிந்துவிடும். ஒரு கடிக்கும் ஒரு தட்டம் ரோல்ஸுக்கும் என் கணக்கில் வித்தியாசம் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு கொத்துரொட்டிப் பார்சல் ஒன்று வாங்குவேன். வீட்டுக்குப் போகும் வழியில் தோட்டக் கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நின்றபடியே சாப்பிடுவேன். முதல் இரண்டு வாயோடு ருசி போய்விடும். அதற்குப் பிறகு அது சாப்பாடு இல்லை, முடிக்க வேண்டிய வேலை. நெஞ்சு அடைக்கும், கண்ணில் தண்ணீர் வரும், கை நிற்காது. நாளைக்கு எப்படியும் பட்டினி கிடக்கத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வீட்டில் மனைவி கேட்டால், பசியில்லை என்பேன்.

"உங்களுக்குச் சாப்பாடு வேணுமோ வேண்டாமோ எண்டு ஒவ்வொரு நாளும் உங்கடை முகத்தைப் பாத்துத்தான் நான் அறிய வேண்டிக் கிடக்கு," என்று மனைவி ஒருநாள் சொன்னாள். "எனக்குக் களைச்சுப் போச்சு. வேணுமெண்டால் போட்டுச் சாப்பிடுங்கோ."

அதற்குப் பிறகு அவளும் மகளும் முதலில் சாப்பிட்டு எழும்பினார்கள். நான் முன்னறையில் இருந்து கோப்பைகள் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உடம்பு மெலிய வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்போதே போய்விட்டது. என் பெண்சாதி பிள்ளையோடு குந்தி இருந்து, மற்ற மனிசர் மாதிரி ஒரு நேரம் சாப்பிட்டு எழும்ப வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது என்னால் முடியவில்லை. கடையில் ஒருவரும் இல்லாத நேரம் இதை நினைத்து அழுதிருக்கிறேன்.

வயிற்று நோவுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் ஒரு டொக்டர் அம்மா, என்னை விட இளையவர், மருந்து எழுதுமுன் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இனி ஒண்டையும் விலக்க வேண்டாம்," என்றார். "பசிச்சால் சாப்பிடுங்கோ. காணும் எண்டு வயிறு சொன்னால் நிப்பாட்டுங்கோ. ஒரு நேரம் பிழை விட்டால் பரவாயில்லை, அடுத்த நேரச் சாப்பாட்டை மட்டும் விடாதேங்கோ."

எவ்வளவு லேசான பேச்சு. வீட்டுக்கு வந்து சேருமுன் நான் அதையும் விரதமாக்கிவிட்டேன். பசி இல்லாமல் வாயில் ஒன்றும் படக்கூடாது. இதுதான் புதுச் சட்டம். மனைவி மத்தியானம் கூப்பிட்டால், எனக்கு இன்னும் பசி வரவில்லை என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்பேன். அவள் சட்டியெல்லாம் மூடி வைத்துவிட்டுப் படுத்த பிறகு பசி வரும். வந்தது பசிதானா, ஆசையா என்று அடுப்படியில் நின்று விசாரணை நடத்துவேன். ஒருநாள் கடைக்கு வந்தவர் தந்த பிஸ்கட் ஒன்றைப் பசியில்லாமல் தின்றுவிட்டேன். சட்டம் முறிந்தது. அன்றும் தோட்டக் கரை, அன்றும் பார்சல். டொக்டர் கடைசியாகச் சொன்ன பேச்சு என் காதில் ஏறவே இல்லை. சுதந்திரமாகச் சாப்பிடு என்று ஒருவர் சொன்னதைக்கூடக் கழுத்துக் கயிறாகத் திரித்துக்கொண்ட என்னை இனி யார் வந்து காப்பாற்றுவது என்று நான் நடுங்கியது உண்மை.

அந்த நாட்களில்தான் என் அண்ணை செத்துப்போனார். காலையில் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடப் போனவர், வரம்பிலேயே சாய்ந்துவிட்டார்.

அண்ணை வீடு நீர்வேலியில். வாழைத் தோட்டக்காரர். சாப்பாட்டில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. எல்லாம் சாப்பிடுவார். அவருக்கு வாய்ப்பன் என்றால் உயிர், கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து மாவோடு சேர்த்துப் பொரிப்பார்களே, அது. ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு மற்றப் பாதியைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார். பின்னேரம் ஞாபகம் வந்தால் தின்பார், வராவிட்டால் மாட்டுக்குக் கொடுப்பார். பாதி வாய்ப்பனை ஒரு மனிசன் எப்படி மறக்க முடியும்? எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வரும்.

எட்டுச் செலவு அன்று, எங்கள் வழக்கப்படி, செத்தவர் உயிரோடு இருக்கையில் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். அண்ணைக்குப் படைப்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆட்டிறைச்சிக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கைக்காய் வெள்ளைக்கறி, ஓலைக் கடகம் நிறைய வாய்ப்பன், ஒரு சின்னப் போத்தல் சாராயம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வைத்தார்கள். இலையைப் பார்த்தால் ஆள் முன்னால் இருப்பதுபோல் இருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "தம்பி, உங்களுக்கெண்டால் என்ன படைக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியாது," என்றா. நோகச் சொல்லவில்லை, பகிடிக்குத்தான்.

உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்றாள். "அப்பாக்கு வெறும் இலை போட்டால் காணும், பெரியம்மா," என்றாள். "இல்லாட்டி சாப்பாட்டுக் கடையிலை இருக்கிற எல்லாத்தையும் வாங்கிப் போட வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமாக இந்தக் குடும்பத்துக்குள் சாப்பிட்டும் பட்டினி கிடந்தும், எனக்கு எது விருப்பம் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

படைத்ததைப் பகிர்ந்து பந்தி வைத்தார்கள். பசி இல்லை. ஆனாலும் அண்ணையின் பந்தி, எழும்ப முடியாது. ஆட்டிறைச்சியை வாயில் வைத்தேன். இவ்வளவு காலம் ஒளித்து ஒளித்துத் தின்ற சாமான், அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கணவாயும் அப்படித்தான். முருங்கைக்காய் வெள்ளைக்கறியை எடுத்தபோது மட்டும் வாய் நின்றது. தேசிக்காய்ப் புளியும் தேங்காய்ப் பாலும் கலந்த அந்தச் சாற்றை விரலால் வழித்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம். சோறு கூடிப்போய்விட்டது. வயிறு இறுகியது.

உடனே பழைய குரல் வந்துவிட்டது. பசி இல்லாமல் தின்றாய், அளவுக்கு மிஞ்சியும் தின்றாய், நாள் முறிந்தது, இனி என்ன, அடுப்படியில் வாய்ப்பன் இருக்கிறது. கை கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். எல்லோரும் முன்னுக்கு இருந்தார்கள். கடகத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். செத்த அண்ணையின் வீட்டில் ஒளித்து நின்று தின்னப் போகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் கை விடவில்லை.

மகள் தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தாள். என்னைக் கண்டதும் காணாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள். அவளுக்கு அது பழக்கம் என்று அந்தத் திருப்பலில் தெரிந்தது. எத்தனை தரம் இப்படிக் கண்டு திரும்பியிருப்பாள்?

"நில்லு பிள்ளை," என்றேன்.

நின்றாள். "நாளைக்குப் பட்டினியோ அப்பா?"

"இல்லை. காலமை உங்களோடை இருந்து சாப்பிடுவன்."

அவள் நம்பவில்லை. நான் அவள் தலையில் கை வைத்து, "சத்தியமா," என்று தொடங்கினேன்.

"சத்தியம் ஒண்டும் வேண்டாம்," என்றாள் அவசரமாக. "வர ஏலுமெண்டால் வாங்கோ. ஏலாட்டி மத்தியானம் வாங்கோ."

டொக்டர் சொன்னதும் இதுதான். அடுப்படிப் பலகையில் குந்தி இருந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க அந்த வாய்ப்பனைத் தின்றேன். ஒருவர் பார்க்கத் தின்று எவ்வளவு காலமாகிறது. ஒவ்வொரு கடியும் வெட்கமாக இருந்தது. அது முடிந்ததும் இன்னொன்றுக்கும் மனம் போனது. போகவில்லை என்றால் பொய்.

"உன்ரை அப்பாக்கு வெறும் இலை போடாதை," என்றேன். "முருங்கைக்காய் வெள்ளைக்கறி வை. நல்லாப் புளி விட்டு."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "வேறை?"

யோசித்தேன். "வேறை என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை."

அவள் என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"பாத்துப் பாத்து ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ அப்பா," என்றாள். "ஒரு அவசரமுமில்லை."