நகரும் படியில் வெறுங்கால்கள்

பெங்களூர் தொம்மலூரில் என் அத்தை இருக்கும் முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு குறையும் அகப்பட்டதில்லை. பத்திரிகை வேலையில் குறை தேடியே பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயம். தரையில் ஈரம் இருக்காது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார்கள். போகும்போதெல்லாம் அத்தை ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்.

“நல்லாத்தான் பாத்துக்கறாங்கடா. ஷோகேஸ்ல வச்ச பீங்கான் கோப்பை மாதிரி.”

அத்தை டெலிபோன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாகவே வாழ்ந்தவர், வார இறுதியில் பஸ் பிடித்து ஊரைச் சுற்றியவர். இல்லத்துக்கு வந்தபின் கேட்டைத் தாண்டியது கண் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதையே சுற்றுலா போல மற்றவர்களுக்கு விவரிக்க ஆரம்பித்திருந்தார். அப்புறம் சாப்பாட்டைப் பாதித் தட்டோடு நிறுத்தத் தொடங்கினார். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இருவரும் சிஸ்டரிடம் போனோம். இல்லத்தை நடத்துபவர் முன்னாள் நர்ஸ், கன்னடக்காரர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். யாரும் கீழே விழாமல் இருந்தால் அது நல்ல இல்லம் என்பது அவர் கொள்கை. எல்லோரையும் வெளியே கூட்டிப் போகச் சொல்லி அத்தை விடாமல் கேட்டதில் ஒரே ஒரு தடவைக்கு ஒப்புக்கொண்டார். மெட்ரோவில் எம்.ஜி. ரோடு, ஆளுக்கொரு ஐஸ்க்ரீம், உடனே திரும்பல்.

“ஒருத்தர் விழுந்தாலும் இதுவே கடைசி. அப்புறம் கேட் க்ளோஸ். கொத்தாய்த்தா? புரிஞ்சுதா?”

அத்தை வேகமாகத் தலையாட்டினார்.

ஸ்டேஷனில் லிஃப்ட் சிறியது. சக்கர நாற்காலியில் வந்த இரண்டு பேரையும் உதவியாளர்களையும் ஏற்றிக்கொண்டு சிஸ்டர் முதலில் போனார். மற்றவர்களை என் பொறுப்பில் நிறுத்தினார்.

“லிஃப்ட் திரும்பி வரும், இங்கயே நில்லுங்க. அந்த எஸ்கலேட்டர் பக்கம் போகவே கூடாது. செருப்பு மாட்டிக்கும், ஆளையே இழுத்துடும்.”

கதவு மூடியது. அத்தை எஸ்கலேட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செருப்புதான மாட்டும்?” என்றார்.

செருப்பைக் கழற்றினார். ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிவிட்டார். முன்னால் போகிறவர் செருப்பைக் கழற்றினால் நம் ஊரில் பின்னால் வருகிறவர் காரணம் கேட்பதில்லை. கோயிலோ தர்காவோ, எங்கும் அதே பழக்கம். அடுத்து நின்ற அம்மாள் கழற்றினார், அவருக்கு அடுத்தவரும் கழற்றினார். கடைசியாக நின்றவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்குப் பழைய தொண்டை திரும்ப வந்துவிட்டது.

“முந்தே ஹோகி, முன்னால போங்க! படியில நிக்காதீங்க!”

“படியிலதான்யா நிக்கணும்!” என்று மேலேயிருந்து அத்தை கத்தினார்.

குனிந்து என் ஷூ கயிற்றை நானும் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனிக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

மேலே லிஃப்ட் கதவு திறந்து சிஸ்டர் வெளியே வந்தபோது, அவர் எதிரில் வெறுங்காலோடு ஒரு ஊர்வலம் எழும்பி வந்தது. எல்லோர் முகத்திலும் ராட்டினத்தில் சுற்றிய சிரிப்பு. கீழே காவலாளி விசில் ஊதினார். “சப்பலி யாரது? யார் செருப்பு இதெல்லாம்?”

“நான் போய் எடுத்தாரேன்” என்று கண்டக்டர் பக்கத்தில் இறங்கும் படியில் ஏறிக்கொண்டார்.

“அத்தனையும் ஒரு ஆள் எப்படித் தூக்குவாரு?” என்று அத்தையும் பின்னால் போனார். மற்றவர்களுக்கும் அந்த நியாயம் சரியாகவே பட்டது. சிஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு பார்க்க, எல்லோரும் கீழே இறங்கினார்கள். செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி மேலே வந்தார்கள்.

“யாரும் விழல சிஸ்டர்” என்றார் அத்தை.

“வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்.”

அத்தையின் சிரிப்பு நின்றது. ரயிலில் எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு மரங்களின் தலையையும் பரேடு மைதானத்தையும் காட்டிக் காட்டிக் கூவினார்கள். அவர் மட்டும் சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனாலும் எம்.ஜி. ரோட்டில் தன் ஐஸ்க்ரீமை முடித்துவிட்டு, என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டார்.

“அடுத்த தடவை இருக்காதோ என்னவோ” என்றார், கரண்டியை நக்கியபடி.

திரும்பி வந்து இறங்கியதும் சக்கர நாற்காலிகளை உதவியாளர்கள் லிஃப்டுக்குத் தள்ளிப் போனார்கள். மற்றவர்கள் யாரையும் கேட்கவில்லை. இப்போது அவர்கள் அனுபவசாலிகள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எஸ்கலேட்டரில் வரிசையாக இறங்கிவிட்டார்கள். தடுக்க ஓடிவந்த சிஸ்டர் படியின் விளிம்பில் சடாரென நின்றார். ஒரு காலை நீட்டினார். பின்னுக்கு இழுத்தார். மறுபடி நீட்டினார்.

அத்தை இன்னும் மேலேதான் நின்றிருந்தார். “என்ன சிஸ்டர்?”

“நான் இதுல ஏறினதே இல்லம்மா” என்றார் சிஸ்டர், தணிந்த குரலில். “பயம்.”

அத்தை கையை நீட்டினார். சிஸ்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, காலை வைத்தார். நான் அவர்களுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் அத்தை கேட்டார், “அடுத்த மாசம் எங்க போறோம்?”

“அய்யோ, கைய விடாதீங்க!”

“விடல. எங்கன்னு சொல்லுங்க.”

“கீழ போய்ப் பேசலாம்மா!”

“கீழ போனா நீங்க சிஸ்டராயிடுவீங்க. இப்பவே சொல்லுங்க.”

“எங்க வேணும்னாலும்! ஆயித்து, சரி, ஆயித்து!”

கீழே கண்டக்டர் தயாராக நின்றிருந்தார். “ஸ்டாப் வந்தாச்சு! இறங்கறவங்கல்லாம் இறங்குங்க!”

இறங்கிக் கண்ணைத் திறந்த சிஸ்டர், குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவரும் தன்னையறியாமல் கழற்றியிருந்த செருப்பு இரண்டும் மேலேயே இருந்தன.

நான் போய் எடுத்துவரலாம் என்று திரும்பினேன். அதற்குள் அத்தை மேலே போகும் படியில் நின்று எங்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.