பண்ணிடலாம் சாரும் பன்னிரண்டு பிராசசரும்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரருக்குப் 'பண்ணிடலாம்' என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. அதைச் சம்பளச் சீட்டைத் தவிர யாரும் உபயோகிப்பதில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். யார் எதைக் கேட்டாலும் முதலில் "பண்ணிடலாம்" என்பார். என்ன கேட்டார்கள் என்பதைப் பிறகுதான் யோசிப்பார்.

அவர் பொறுப்பில் ஒரு பெரிய சர்வர் இருந்தது. அதில் வேலையைச் செய்கிற மூளைகள், அதாவது பிராசசர்கள், பதினாறு. சர்வர் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் ஒன்பது கணினிகள் தனித்தனியாக ஓடுவது போல ஏற்பாடு செய்து பிரிவுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். அவற்றை வி.எம். என்போம். எந்தப் பிரிவு 'ஸ்லோவா இருக்கு' என்று முனகினாலும், அதன் வி.எம்.முக்கு இரண்டு பிராசசர் கூட்டி எழுதிவிடுவார். அழுத பிள்ளைக்குப் பால்.

அவர் மனைவி கீழே ரிப்போர்ட் கவுன்ட்டரில் இருக்கிறாள். தினமும் பதினோரு மணிக்கு அவளுடைய வி.எம்.மில் பிராசசர் உபயோகம் நூறு சதவீதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரை அசையாது. வரிசையில் நிற்பவர்கள் அவளைத் திட்டுவார்கள். அவள் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய் இவரிடம் சேர்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் மாடிக்கே வந்துவிட்டாள். கையில் மாற்றல் கடிதம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா இதை மேனேஜர்கிட்ட கொடுத்துட்டு அடுத்த ஊர் கிளைக்குப் போயிடுறேன். அக்கா வீட்ல தங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன் உங்களை."

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வி.எம்.முக்குள் எந்த மென்பொருள் பிராசசரைத் தின்கிறது என்று தேடினார். பெருந்தீனிக்காரன் ஒருவனும் அகப்படவில்லை. வைரஸ் சோதனையை இரவுக்கு மாற்றினார். வி.எம்.மையே அணைத்து மறுபடி போட்டார். பதினோரு மணி ஆனதும் மறுபடி நூறு.

வியாழக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், வி.எம்.முக்குள்ளேயே தேடுறீங்களே, சர்வர் பக்கம் பார்த்தீங்களா?"

பார்த்தோம். ஒவ்வொரு வி.எம்.மும் பிராசசருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அங்கே காட்டும். கவுன்ட்டர் வி.எம். வேலை செய்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே அதிகம். நான் ஒரு தாளை எடுத்து ஒன்பது வி.எம்.களின் பிராசசர்களையும் கூட்டினேன். ஐம்பத்தெட்டு. இருப்பதோ பதினாறு. கவுன்ட்டருக்கு மட்டும் பன்னிரண்டு.

"பன்னெண்டு எதுக்கு சார்?"

"அவ திட்டுற ஒவ்வொரு தடவையும் ரெண்டு சேர்த்தேன்மா."

பன்னிரண்டு பேர் உள்ள குடும்பம், எல்லாருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தால்தான் ஏறுவோம் என்று நின்றால் எத்தனை பஸ்ஸை விட வேண்டியிருக்கும்? ஒற்றை ஆளாக வந்தவன் ஏறிப் போய்க்கொண்டே இருப்பான். அந்தக் கதைதான்; பன்னிரண்டு பிராசசரும் ஒரே நேரத்தில் காலியானால்தான் கவுன்ட்டர் வி.எம். நகரும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து எல்லாரிடமிருந்தும் கூடுதல் பிராசசர்களைப் பிடுங்கினார். ஒவ்வொரு பிரிவுக்கும் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். கடைசியாகக் கவுன்ட்டருக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டை இரண்டாக்கினார்.

பதினோரு மணி. உபயோகம் நாற்பதைத் தாண்டவில்லை. மதியம் வரிசையே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே மாடி ஏறி வந்தாள்.

"இன்னைக்குப் பறக்குது. எவ்வளவு சேர்த்தீங்க?"

நான் அவரையே பார்த்தேன். 'நிறைய' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம்.

"சேர்க்கல. உன்கிட்டருந்து பத்தை எடுத்துட்டேன். நான் அதிகமா கொடுத்ததாலதான் இத்தனை நாள் மெதுவா இருந்துச்சு."

"அப்போ நான் வாங்கின திட்டுக்கெல்லாம் நீங்கதான் காரணம்."

"ஆமா."

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேனேஜருக்கு எத்தனை கொடுத்திருந்தீங்க?"

"நாலு."

"பெரிய டாக்டருக்கு?"

"ஆறு."

"எனக்குப் பன்னெண்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு என் வீட்டுக்காரர் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"ஒரு நாளாவது வாயைத் திறந்து இதைச் சொல்லியிருந்தா" என்றாள், "கீழே எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேனே."