நடுவில் ஒரு ழ

ஒரே ஒரு எழுத்துக்காக நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அதில் பாதி, கத்தக் கூடாத ஆளிடம் கத்தியது.

ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் அப்போது எனக்கு வேலை. இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். வெளியே நிற்கிற காற்றாடிகளில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று திரையில் பார்த்து இயக்க நாலு பேர். அவர்களுடைய கம்ப்யூட்டர்களும் நடுவிலிருக்கும் சர்வரும் என் பொறுப்பு. நாலில் மூன்று பேர் ஆண்கள். நாலாவது ஆள் ஒரு பெண், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் துபாயில், பிள்ளைக்கு இரண்டு வயது, கடற்கரை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரின் நடுவில் ஒரு ழ உண்டு, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஆட்கள் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் மேலேயே ஒட்டிவைப்பார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அதைப் பார்த்துத் தொலைத்தார். முடிந்தது கதை! இனி பாஸ்வேர்டே கிடையாது, ஆளுக்கொரு டோக்கன் என்று உத்தரவு வந்தது. பென் டிரைவ் போலச் சின்னச் சாமான், அதற்குள் அவரவர் பெயரில் ஒரு சான்றிதழ். செருகி, அதற்குரிய ரகசிய ‘பின்’ நம்பரை அடித்தால் சர்வர் ஆளை அறிந்து உள்ளே விடும். சான்றிதழ்களை இங்கே நான் தயாரிக்க வேண்டும். சர்வரில் யார் யார் நுழையலாம் என்ற பெயர்ப் பட்டியல் சென்னையின் கையில், நான் பார்க்கலாம், திருத்த முடியாது. ஒரு நாள் குறித்தார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் யார் உள்ளே வரவில்லையோ, அவருடைய இருக்கை மறுநாளே சென்னைக்கு மாறும், ஆளும் அங்கே போக வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கு ஆண்கள் மூன்று பேரும் செருகினார்கள், உள்ளே போனார்கள். அவள் செருகினாள். சர்வர் முடியாது என்றுவிட்டது.

“ஏட்டி, ஒழுங்கா செருகினியா?”

“செருகினேன் அக்கா.”

“பின் நம்பர தப்பா அடிச்சியா?”

“நீங்க தந்ததத்தான் அடிச்சேன்.”

“நான் தந்தத அடிச்சா தொறக்கும்லா! சவம், ஒனக்க சர்ட்டிபிகேட்ட மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது!”

அவள் முகம் சுண்டிப்போனது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு வேகம் ஏறிவிட்டது. இப்படி ஒரு பழுது சிக்கினால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு!

முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பின்தங்கியிருந்தால், நேற்று போட்ட சான்றிதழை நாளைக்கு உரியது என்று தள்ளிவிடும். கடிகாரம் சரி. சான்றிதழின் காலக்கெடு சரி. அவளுடைய டோக்கனை வேறு கம்ப்யூட்டரில் செருகினேன், போகவில்லை. வேறொருவர் டோக்கனை அவள் கம்ப்யூட்டரில் செருகினேன், ஜம்மென்று போனது. அப்படியானால் டோக்கன்தான் பழுது என்று துள்ளிக்கொண்டு புது டோக்கனில் அதே சான்றிதழை ஏற்றினேன். அதுவும் போகவில்லை. மணி ஒன்று.

அப்போது அவள் ஒரு தடித்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். தம்பியிடம் சொல்லி, வீட்டிலிருந்து பைக்கில் வரவழைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, ஞானஸ்நானச் சான்று, எல்லாம் உள்ளே.

“எல்லாம் ஒரிஜினல்தான் அக்கா. எனக்க சர்ட்டிபிகேட் எதுவும் பொய்யில்ல.”

ஐயோ! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சொன்னது எந்தச் சர்ட்டிபிகேட் என்று விளக்கினேன். அவளும் சிரித்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. “சென்னைக்குப் போவச் சொன்னா பிள்ளைய யாருட்ட விட்டுட்டுப் போவேன் அக்கா?” என்று கேட்டாள். என் சிரிப்பு அதோடு நின்றது.

யாரை ஏன் தள்ளியது என்று சர்வர் தானே குறித்துவைக்கும் பதிவேட்டை, காலையிலேயே பார்த்திருக்க வேண்டியதை, அதற்குப் பிறகுதான் வரி வரியாகப் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. சான்றிதழ் சரி. இந்தப் பெயரில் ஆள் இல்லை. இல்லையா? பட்டியலைத் திறந்தேன். அவள் பெயர் மூன்றாவதாக, பளிச்சென்று இருக்கிறது! மூன்று தடவை வாய்விட்டு வாசித்தேன். இருக்கிறது!

எரிச்சலோடு சென்னைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் பெயரைச் சொல்லி, “அவங்க இருக்காங்களே மேடம்” என்றார். பெயரை ல போட்டுச் சொன்னார்.

அழுகிற நிலையிலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை. “ல இல்ல சார், ழ” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டியலைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டிருந்தது. டோக்கனிலிருந்த சான்றிதழைத் திறந்தேன். ‘இசட் எச்’! மூன்று தடவை வாசித்தபோதும் என் வாய் அந்த ‘எல்’ எழுத்தை ழ என்றே வாசித்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு நாக்கு, வேறெப்படி வாசிக்கும்?

“கெடச்சாச்சுட்டி!” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். அடுத்த நொடியே அந்த இசட் எச்சைப் போட்டது யாரென்றும் நினைவு வந்தது. முந்தின நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சான்றிதழுக்குப் பெயர் டைப் செய்தபோது, சென்னைக்காரனுக்கு ழ வாயில் நுழையாது என்று சிரித்துக்கொண்டே திருத்திப் போட்டவள் நானேதான். சர்வர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் என்று தெரிந்தவள் செய்த காரியம் அது. காலையிலிருந்து திட்டு வாங்கினது அவள். வெட்கமாக இருந்தது.

மணி மூன்றரை. “எல் போட்டு வேற சர்ட்டிபிகேட் அஞ்சு நிமிசத்துல தாரேன்” என்றேன்.

அவள் மடியிலிருந்த பைலைத் தடவினாள். “அது எனக்க பேரு இல்லியே அக்கா.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சார், தப்பு செஞ்சது நான். ஆனா திருத்த வேண்டியது உங்க பட்டியல்” என்று ஸ்பீக்கரில் சொன்னேன். அவர் முனகினார். பெயர் மாற்ற ஆதாரம் வேண்டும், இப்போது எங்கே கிடைக்கும் என்றார்.

ஆதாரமா! அவள் பைலிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை உருவினாள், அதில் இசட் எச்தான். ஸ்கேன் செய்து அனுப்பினோம். மூன்றே முக்கால். மூன்று ஐம்பது. மற்ற மூவரும் எங்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். மூன்று ஐம்பத்து நாலுக்கு, “மாத்தியாச்சு” என்றது போன்.

செருகினாள். திரை விரிந்தது. மேல் மூலையில் அவள் பெயர், இசட் எச்சோடு! நாங்கள் போட்ட கூச்சலில் வாசல் காவலாளி ஓடிவந்தார். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

“காலையில ஒன்னையப் போட்டு அந்தத் திட்டு திட்டினேனே, மன்னிச்சுக்கோ மக்கா” என்றேன்.

“என்னத்துக்கு அக்கா?” என்றாள். “இந்தக் கம்பெனியில எனக்க பேரச் சரியா எழுதின ஒரே ஆளு நீங்கதானே.”