ஏழடி ராடும் மார்பளவு தண்ணீரும்

உனக்கு வேறு வேலையே இல்லையா? அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் பரவாயில்லை, தூண்டில்காரர்கள் ஏன் ஓயாமல் ராடை, அதுதான் அந்தத் தூண்டில் கம்பை, வாங்குகிறார்கள், விற்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். சரி, கேட்டுத் தொலை. ஆனால் என் வீட்டுக்காரரிடம் போய்ப் பற்றவைத்தாயானால், என் நண்டுக் குழம்பை இனி நீ மறந்துவிட வேண்டியதுதான்.

ஞாயிறு காலையில், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணலில் பட்டணத்து ஆட்கள் ராடும் கையுமாக நிற்பார்கள். ஏரியில் நான் கையால் தடவிப் பிடித்த இறாலை அவர்களுக்கு இரையாக விற்கிறேன். அதனால் அவர்கள் புலம்பலெல்லாம் எனக்கு மனப்பாடம். நீள ராடு அலையைத் தாண்டி வீசும், ஆனால் தோளைப் பிடுங்கும். குட்டை ராடு கைக்குச் சுகம், ஆனால் நூலில் கட்டிய ஈயக் குண்டு அலைக்கு இந்தப் பக்கமே விழுந்துவிடும். தடித்த ராடில் சின்ன மீன் கடித்தால் தெரியாது. மெலிந்ததோ பெரிய மீன் இழுத்தால் ஒடியும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ராடு இன்னும் பிறக்கவில்லை. அதனால் பக்கத்து ஆளின் ராடை வாங்கி இரண்டு வீச்சு வீசிப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அங்கேயே கைமாறும். பெண்டாட்டியை மாற்ற முடியாதவர்கள் வேறு எதைத்தான் மாற்றுவார்கள், பாவம்.

வலைத் தொழிலை விட்ட பிறகு என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஏழடி ராடு ஒன்று வாங்கினார். மீன் தள்ளிப் போனால் பட்டணத்தான் நீள ராடு தேடுவான். இவர் ஏரியிலேயே வளர்ந்தவர். மீன் தள்ளிப் போனால் இவரும் பின்னாலேயே தண்ணீருக்குள் நடப்பார்.

"யோவ், தண்ணி வத்தி கடலுக்கு இழுக்க ஆரம்பிச்சிடுச்சி. கரைக்கு வாய்யா."

"என் காலுக்குத் தெரியாத தரையாமே இது? நீ எறாவ வித்துனு இரு."

ஏரிச் சேறு எங்கள் காலுக்குத் தெரியும், உண்மைதான். முகத்துவாரத்து மணல் அப்படியில்லை. நேற்றைய மேடு இன்றைக்குப் பள்ளமாக இருக்கும்.

அன்று ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவில் நின்றவர், ஒரு கொடுவா மீன் துள்ளியதைப் பார்த்து இன்னும் நாலு எட்டு வைத்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது. பிறகு தலையில் கட்டிய துண்டு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

பதறி எழுந்தேன். இறால் கூடை கவிழ்ந்து, இறாலெல்லாம் காலடியில் துள்ளின. ஒவ்வொரு அலையாகப் பார்த்தேன். எந்த அலையிலும் ஆள் இல்லை.

நூறடி தள்ளி ஒரு மணல்திட்டில் இருமிக்கொண்டே எழுந்தார். கையில் ராடு அப்படியே இருந்தது.

"அந்தக் கொடுவாவ நாளைக்கு வுட மாட்டேன்மே" என்றார். ராடை என்னிடம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு டீக்கடைக்குப் போனார்.

நாளைக்காம். நீள ராடு யார் கையில் இருக்கிறது என்று கரையில் தேடினேன். பக்கத்தில் பதிமூன்றடி ராடோடு ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இத்த ரெண்டு வீச்சு வீசிப் பாரு."

வீசினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆயா, உங்க வீட்டுக்காரர் கோவிச்சிக்க மாட்டாரா?"

"அவருதான் மாத்தினு வரச் சொன்னாரு."

"அப்புறம் ஏன் டீக்கடையையே திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?"

"வயசாச்சில்ல சார், கழுத்து ஒரு எடத்துல நிக்காது."

டீ குடித்துவிட்டு வந்தவர் நீள ராடை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாமே இது, கொடிக்கம்பமா? என் ராடு எங்க?"

"கார்ல போயிடுச்சி."

இரண்டு நாள் அதைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள், திட்டிக்கொண்டேதான், கரையில் நின்று ஒரு வீச்சு வீசினார். ஈயம் அலையைத் தாண்டி விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார், நூலைச் சுற்றி இழுத்து மறுபடியும் வீசினார். இப்போது முழங்காலுக்கு மேல் நனைவதில்லை. அவர் மீனைப் பார்க்கிறார். நான் இன்னமும் அவர் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாக்கா, உன் ஊட்டுக்காரு பட்டணத்தாளாட்டம் கரையிலயே நின்னுனு வீசறாரு?"

"இன்னா பண்றது?" என்று சொன்னேன். "வயசான காலத்துல அவருக்குத் தண்ணின்னா பயம் வந்துடுச்சி. எனக்கெல்லாம் ஒரு பயமும் கிடையாதும்மா."