அம்மாவின் அலுமாரிக்குக் காந்தம்

என் தம்பி யோகநாதனுக்குச் சத்தம் பிடிக்காது. பரந்தனில் அரிசி ஆலை ஒன்றில் இயந்திரம் பார்க்கிறவனுக்குச் சத்தம் பிடிக்காது என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அது வேடிக்கை இல்லை. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்குரூ டிறைவரின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு அசையாமல் நிற்பான். நெல்லுக் குத்தப் போகும்போது நானே பல முறை பார்த்திருக்கிறேன். பிறகு, "அந்தப் பக்கத்துப் பெயறிங் தேயத் தொடங்கிட்டுது, இண்டைக்கே மாத்துவம்" என்பான். கழற்றிப் பார்த்தால் அவன் சொன்னபடியே இருக்கும். வரக்கூடாத இடத்தில் சத்தம் வந்தால் அங்கே ஒரு பிழை இருக்கிறது. அவன் தொழில் அதுதான்.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவான். கதிரைக் கால்களுக்குச் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டுவான். வேலிப் படலைக் கொளுக்கி கிலுங்காமல் இருக்கச் சீலைத் துண்டு சுற்றி வைப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பாயில் படுத்திருந்தால், நான் செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். சருகு மிதிபட்டாலும் எழும்பிவிடுவான்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவன் எட்டு வரை போனான். தர்மபுரத்தில் எங்களுக்குக் குடியேற்றக் காணி கிடைத்து, மீசாலையிலிருந்து வந்து காடு வெட்டி, வயலாக்கி, எங்களைப் பெற்ற ஐயாவும் கண்ணை மூடிய பிறகு, அந்த வீட்டில் அம்மாவும் யோகனும்தான். நான் கலியாணம் கட்டி அடுத்த காணியில் இருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வேலியைத் தாண்டி வந்துவிடுவேன்.

அம்மாவின் குசினி அலுமாரியை யோகன்தான் செய்தான். முன்பு நிலத்தில் நின்ற தட்டைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே முதிரை மரத்தில் சட்டம் அடித்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் இரண்டு கதவு போட்டு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் உயர்த்தி மாட்டினான். கதவுகளின் கீழ் விளிம்பு அம்மாவின் கழுத்து உயரத்துக்கு வந்தது. கதவைப் பூட்ட நடுவில் ஒரு சிறு மரத்துண்டை ஆணியில் ஏற்றியிருந்தான். குறுக்கே திருப்பிவிட்டால் இரண்டு கதவும் அசையாது. திருப்ப மறந்தால் இரண்டும் மெல்லத் திறந்துகொண்டு முன்னுக்கு வந்து நிற்கும்.

அறுபத்திரண்டாம் ஆண்டளவில் அம்மாவின் கண் மங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காட்டினோம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் கவனமாகப் பாருங்கள் என்றார்கள். ஆள் வருவது அம்மாவுக்குத் தெரியும், அடுப்பு எரிவது தெரியும். ஆனால் திறந்து நிற்கிற கதவை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் அது ஒரு கோடுதானே. அந்தக் கோடு அம்மாவுக்குத் தெரியாது. மரத்துண்டும் கைக்கு அகப்படாது. அடுப்படியில் குந்தியிருந்துவிட்டு எழும்பும்போது தலை நேரே கதவு மூலையில் போய் இடிக்கும். கேட்டால், "எனக்கு எல்லாம் தெரியுது" என்பதுதான் பதில்.

மாசி மாதம் நடராசா மாமா மீசாலையிலிருந்து வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. வந்து சால்வையைக் கொடியில் போட்டதும் போடாததுமாக, "அக்கா, நெத்தியிலை என்ன தேசிக்காய் அளவிலை வீங்கிக் கிடக்கு?" என்றார்.

"ஒண்டுமில்லை. நுளம்பு கடிச்சது."

"வன்னியிலை நுளம்பு செங்கல்லாலையோ கடிக்கிறது?"

நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதிரையை அம்மாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"வைகாசியிலை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருவன். முடிஞ்ச கையோடை உங்களையும் கூட்டிக்கொண்டு மீசாலைக்குப் போறன். அங்கை நீங்கள் ஒரு துரும்பும் எடுக்க வேண்டாம். கதிரையிலை இருந்தால் சாப்பாடு கைக்கு வரும். பட்ட பாடு காணும் அக்கா."

நல்ல மனதோடு சொன்ன கதைதான். மாமா பஸ் ஏறிய பிறகு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"கதிரையிலை இருத்தி வைக்க நான் என்ன சாமிப் படமோ? இஞ்சை என்ரை அடுப்பிலை நான் சமைக்கிறன். அதையும் எடுத்துப்போட்டால் பிறகு என்னட்டை என்ன இருக்கு?"

"நான் வந்து சமைச்சுத் தாறன் அம்மா" என்றேன்.

"நீ உன்ரை வீட்டுக்குச் சமை."

அடுத்த ஞாயிறு யோகன் அலுமாரியை இறக்கி, பின்பக்கம் ஆப்பு வைத்து, கதவு ஆடுகிற பிணைச்சல்களையும் மாற்றிப் பூட்டினான். இப்போது விட்டால் கதவு திறக்காமல் சாத்தப் பார்த்தது. ஆனால் சட்டத்தில் பட்டுத் தெறித்து நாலு விரல் அகலத்துக்குத் திறந்தபடி நின்றது. இடிக்க அந்த நாலு விரல் போதும்.

அந்தக் கிழமை நானும் அவனும் கிளிநொச்சிக் கடைத்தெருவுக்குப் போனோம். முல்லைத்தீவிலிருந்து வந்து இரும்புக்கடை வைத்திருந்த இஸ்ஸதீன் நானாவிடம் யோகன் கதையைச் சொன்னான். அவர் மேசைக்குக் கீழே குனிந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்தார். யாரோ பங்களா கட்டியவர் கொழும்பிலிருந்து எடுப்பித்ததில் மிஞ்சியதாம். விரல் நீளத்தில் ஒரு சிறு கூடு, அதற்குள் காந்தம். கூடவே ஒரு இரும்புத் தகடு. கூட்டை அலுமாரிக்குள்ளும் தகட்டைக் கதவிலும் பூட்ட வேண்டும். கதவு கிட்ட வந்தால் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திறக்கக் கொஞ்சம் இழுத்தால் போதும்.

யோகன் ஒன்றை எடுத்துத் தன் சைக்கிள் மட்காட்டில் ஒட்டினான். இழுத்தான். திரும்பவும் ஒட்டினான். பிறகு கடைத் தராசில், மண்வெட்டியில், கதவுப் பிணைச்சலில்.

"தம்பி, என்ரை கடையை இழுத்துக்கொண்டு போடுவீர் போலை கிடக்கு" என்றார் நானா.

"இழுக்க எவ்வளவு பலம் வேணுமெண்டு பாக்கிறன் நானா. அம்மான்ரை கைக்கு."

"நல்ல பிள்ளை. ஒரு பொம்பிளையை இழுத்துப் பிடிக்கிற காந்தம் வந்தால் முதல் உமக்குத்தான் எடுத்து வைப்பன்."

யோகனுக்குக் காது சிவந்துவிட்டது. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு காந்தமும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

பூட்டுவது லேசாக இருக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகை மெல்லியது. ஆணி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். ஆகவே தகடு வரும் இடத்தில் உட்பக்கமாக ஒரு சிறு மரக்கட்டையை ஒட்டிக் காயவிட்டான். தகடு காந்தத்துக்கு நேரே வர வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பிடி குறையும். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். லாம்புச் சிமினியில் படிந்த கரியை விரலால் தொட்டுக் காந்தத்தின் முகத்து இரண்டு விளிம்பிலும் பூசினான். கதவைச் சாத்தித் திறந்தான். கதவின் உட்பக்கக் கட்டையில் இரண்டு கறுப்புக் கோடுகள் பதிந்திருந்தன. தகட்டின் இடம் அதுதான்.

"குசினிக்கை கரி காணாதெண்டோ நீ வேறை பூசுறாய்?" என்றா அம்மா.

"கரப்பான் உள்ளை போகுதம்மா. அதுக்குத்தான் இந்த வேலை."

அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. தகட்டு ஆணியை இறுக்கி முடிக்காமல் ஒரு மயிரிழை தளர விட்டான். அப்போதுதான் தகடு தானே அசைந்து காந்தத்தோடு படிந்து உட்காருமாம். பிறகு, "பூட்டிப் பாருங்கோ அம்மா" என்றான்.

அம்மா தள்ளினா. டக். மற்றக் கதவையும் தள்ளினா. டக். மெல்லிய பலகை என்பதால் மேளத்தில் தட்டியது போலக் கேட்டது. அம்மா திறந்து திறந்து சாத்திச் சிரித்தா.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அம்மாவின் நெற்றியில் ஒன்றும் படவில்லை. பழைய வீக்கமும் வற்றிப்போயிற்று. மாமா வந்து பார்க்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் யோகனுக்கு அந்த டக் ஆகவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் உப்பு, எத்தனை தரம் மிளகாய்த்தூள்! படுத்தால் யாரோ வந்து தட்டுவது போல இருக்கிறதாம். ஒரு ஞாயிறு சைக்கிள் ரியூப்பை மெல்லிசாகச் சீவித் தகடுகளின் மேல் ஒட்டினான். றப்பர் வந்ததால் பிடி குறைந்தது. அதற்கேற்பக் காந்தத்தை முன்னுக்குத் தள்ளிப் பூட்டினான். முடித்துவிட்டு வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, வந்து கேளுங்கோ."

கதவைத் தள்ளினான். நான் காத்திருந்தேன்.

"ஒண்டும் கேக்கேல்லையே?"

"அதுதானே!" என்றான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றா அம்மா.

மாமா வர ஒரு கிழமை இருந்தது. முருங்கையிலை கொண்டு நான் போனபோது அம்மா குசினிக்குள் நெற்றியில் ஈரச்சீலையோடு இருந்தா. ஊறுகாய்ச் சாடி உடைந்து கிடந்தது. "கால் வழுக்கிட்டுது" என்றா. கதவு ஒன்று நாலு விரல் அகலத்துக்குத் திறந்து நின்றது.

யோகன் வந்து பார்த்தான். காந்தத்தை இழுத்தான், விட்டான், தகட்டைத் தடவினான்.

"நல்லாய்ப் பிடிக்குது அக்கா. கதவு கிட்டப் போனால் விடாது. பிறகேன் திறந்து கிடந்தது?"

அன்று பின்னேரம் குசினி வாசலில் லாம்பைத் துடைப்பது போல இருந்துகொண்டு அம்மாவைப் பார்த்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா உப்பை எடுத்தா. முழங்கையால் கதவைத் தள்ளினா. இரண்டு கையிலும் சாமான். பிறகு நின்றா. தலையை ஒரு பக்கம் சரித்து, அசையாமல் நின்றா. சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு, அடி வாங்கப் போகிறவள் போல மெல்லக் குனிந்தா.

யோகனின் கையில் இருந்த சீலை நின்றுவிட்டது.

"அந்தத் தலையைப் பாத்தியளோ அக்கா?" என்று என் காதுக்குள் கேட்டான்.

பார்த்தேன். ஆலையில் இவன் நிற்கிற நிலைதான் அது.

எழும்பிப் போய்க் கத்தியால் றப்பரைச் சுரண்டத் தொடங்கினான்.

"ஏன்ரா கழட்டிறாய்? வடிவாய் இருந்ததே."

"றப்பர் போட்டால் காந்தம் பழுதாய்ப் போமாம் அம்மா. இஸ்ஸதீன் நானா சொன்னவர்."

அம்மா, "அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்றா. கையிலிருந்த உப்புச் சிரட்டையை அப்போதுதான் கீழே வைத்தா.

அத்தோடு அவன் நிறுத்தவில்லை. இரண்டு கதவும் ஒரே சத்தம் போட்டால் எது சாத்தியது, எது நிற்கிறது என்று எப்படித் தெரியும்? இடப்பக்கக் கதவின் கட்டையைக் கழற்றிவிட்டு வேறு மரங்கள் வைத்துப் பார்த்தான். வேம்பு வைத்தான், பாலை வைத்தான். நான் கதவைச் சாத்த வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கடைசியில் தடித்த முதிரைக் கட்டை ஒன்று அமைந்தது. வலப்பக்கம் டக். இடப்பக்கம் டொக். அம்மாவுக்கு அவன் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த மறுநாள் கோயிலுக்குப் போயிருந்த எங்களோடேயே மாமா வந்து இறங்கினார். அம்மாவின் உடுப்புக்கென்று வெறும் பை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அம்மா சமைத்துக்கொண்டிருந்தா. மாமா குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார். அவருடைய கண் அம்மாவின் நெற்றியில்தான் இருந்தது. போன கிழமை அடி இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது.

தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று மாமா தானே எழும்பிப் போய் எடுத்தார். கதவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்து இருந்தார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் திருவிக்கொண்டிருந்தா.

"நடராசா, கதவு பூட்டுப்படேல்லை."

மாமா திரும்பிப் பார்த்தார். நாலு விரல் திறந்திருந்தது.

"முதுகிலையும் கண்ணோ அக்கா உங்களுக்கு?"

"சீனி இடப்பக்கம். அது டொக் எண்டு கேக்கும். கேக்கேல்லையே. கேக்காட்டில் நான் எழும்பமாட்டன். எழும்பினால் உன்ரை தேசிக்காய் திரும்பவும் வரும்."

மாமா எழும்பிப் போய்த் தள்ளினார். டொக். அதன் பிறகுதான் அம்மா தேங்காய்த் தட்டோடு நேரே நிமிர்ந்து எழும்பினா. மாமா இரண்டு கதவையும் திறந்தார், சாத்தினார், திரும்பவும் திறந்தார். "இதார் பூட்டினது?" என்று கேட்டார். யோகன் கிணற்றடியில் நின்று, கேட்காதவன் போலத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பஸ்ஸுக்குப் போகும்போது அந்த வெறும் பைக்குள் அம்மா பச்சையரிசியும் மோர்மிளகாயும் போட்டுக் கொடுத்தா.

"அப்ப நான் வாறன் அக்கா. கதிரை அங்கை கிடக்கும். விருப்பமான நேரம் வாங்கோ."

"வந்தால் குசினியைத்தான் முதல் பார்ப்பன்" என்றா அம்மா.

இப்போது மூன்று வருடமாகிறது. கப்பிக்கு இன்னும் எண்ணெய் விடுகிறான். படலையில் இன்னும் சீலை சுற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன். குசினிக்குள் டக் என்றும் டொக் என்றும் கேட்டுக்கொண்டே இருக்கும். யோகன் பாயில் அசையாமல் உறங்குவான். கதவு இழுபட்ட சத்தம் கேட்டு, பிறகு டக்கோ டொக்கோ கேட்காமல் போனால்தான் எழும்பி வந்து குசினியை எட்டிப் பார்ப்பான்.