முப்பத்தாறு பல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று எதிர்வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவினார். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் என் வலது கை தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. அதனால்தான் இது.

எங்கள் கூடத்தில் அப்போது சோபா கிடையாது. உலோகத்தைக் கடைய ஒரு லேத், பல் வெட்ட ஒரு பழைய மில்லிங் மெஷின். இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுப்போம். அலுமினியச் சீவல் இல்லாத இடமே வீட்டில் இல்லை. “ஜிகினா போட்டுக்கினு வரக் கூடாது” என்று என் பெரிய பெண்ணை டீச்சர் ஒருமுறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார். பாவம், அவள் தலையில் இருந்தது அப்பாவின் வேலை.

என் கணவர் தாமல் ஊர்க்காரர். பல வருடம் கம்பெனியில் கியர் வெட்டியவர். வீட்டில் மெஷின் போட்ட பிறகு பல் வைத்த டைமிங் பெல்ட் ஓடுகிற சக்கரங்களான புல்லிகளும் செய்தார். வட்டமான அலுமினியத்தின் விளிம்பில் ஒரே இடைவெளியில் பல் வெட்ட வேண்டும். வெட்டுவது அவர். கைப்பிடியைச் சுற்றி வட்டத்தைத் திருப்புவதும், வெட்டுகிற இடத்தில் மண்ணெண்ணெய் தடவுவதும் நான். கைப்பிடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் வட்டம் கொஞ்சம்தான் நகரும். சுற்றை அளக்க அதன் பின்னால் துளை போட்ட தட்டு ஒன்று இருக்கும். முப்பத்தாறு பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடிக்கு ஒரு முழுச் சுற்று, அதற்கு மேல் இரண்டு துளை. ஒரு துளை தவறினாலும் அதற்குப் பிறகு வெட்டுகிற பல்லெல்லாம் தள்ளிப்போகும். அதனால் நான் எண்ணும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. பசித்தால் பிள்ளைகள் கதவோரம் நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள்.

சிவகாமி அக்கா பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை. பட்டு நெய்கிறவர். இடது முட்டி மடங்காது, தறி மிதியை மிதிக்க முடியாது. அதனால் புடவையில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியைத் தூக்க மோட்டார் வைத்திருந்தார். அதன் புல்லி நடுவில் விரிசல் விட்டுவிட்டது. வெளியூரிலிருந்து புதிது வர ஒரு வாரமாகும் என்றார்களாம்.

“நாளைக்குக் காலைல பட்டு குடுத்த மொதலாளி வராரு. தறி ஓடலன்னா தறில இருக்கற பாவு நூல அறுத்துக்கினு போயி வேற வூட்ல பூட்டிடுவேன்னுட்டாரு. கல்யாணப் பொடவ தம்பி. இது கைய வுட்டுப் போச்சின்னா எனக்கு இன்னொரு பாவு யாரு குடுப்பா?”

அக்கா பெல்ட்டோடு கொண்டுவந்த பழைய புல்லியை என் கணவர் அளந்தார். காகிதத்தில் கணக்குப் போட்டார். கணக்கில் வந்ததைவிடப் பழையது நாலு மில்லி சின்னதாக இருந்தது.

“தேஞ்சிப் போயிருக்குது” என்றார்.

“இன்னா தேயறது? போன தையிலதான் புதுசு போட்டாங்க.”

“அக்கா, தறிய நீங்க பாருங்க. சக்கரத்த நான் பாக்கறன்.”

அந்த அளவுக்கு ஆகிற அலுமினியத் துண்டு வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கடைந்தார், மில்லிங்கில் ஏற்றினார், ஆரம்பித்தோம். அக்கா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதினாலாவது பல்லுக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். “ஒம்போது மணிக்கு வருவேம்மா. ஓடலன்னா பேசறதுக்கு ஒண்ணுமில்ல” என்றது ஓர் ஆண் குரல்.

என் கை நின்றது. இரண்டு துளை போனேனா, மூன்றா? அதற்குள் கட்டர் இறங்கிவிட்டது.

நான் சொல்லவில்லை. வேற்று மனுஷி முன்னால் எப்படிச் சொல்வது? பதினைந்து, பதினாறு, பதினேழு.

“ஏங்க, நிறுத்துங்க. பதினாலுல எனக்கு சந்தேகமா இருக்குது.”

அவர் மெஷினை அணைத்தார். “இப்ப சொல்றியா? இருந்த துண்டே அது ஒண்ணுதான்!”

“ஏம்மா, நான் ஆயிரக்கணக்குல இழை எண்றவ. முப்பத்தாறு எண்ண உனக்கு வரலயா?” என்றார் அக்கா. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது, குரல் உடைந்து முடிந்தது.

என் கணவர் அந்தப் பெல்ட்டை எடுத்து வெட்டின பற்களின் மேல் அழுத்தினார். நாலாவது பல்லிலேயே அது எழும்பி நின்றது.

“பாத்தியா? எல்லாம் உன் எண்ணிக்கை!”

என் கண் அந்த நாலாவது பல்லிலேயே இருந்தது. “நான் தடுமாறினது பதினாலுலங்க” என்றேன். “இது நாலுலயே உக்காரலையே.”

அவர் பழைய புல்லியை எடுத்து அதே பெல்ட்டைச் சுற்றினார். பற்கள் எல்லாம் அச்சாக உட்கார்ந்தன. அது தேயவே இல்லை. கியருக்கு வெளிவிட்டத்தைக் கூட்ட வேண்டும். புல்லிக்கோ பெல்ட்டின் கனத்துக்காகக் குறைக்க வேண்டும். கியர் வெட்டியே பழகின கை கூட்டிவிட்டது.

ஒரே வழிதான் இருந்தது. வெட்டின பல்லையெல்லாம் லேத்தில் கடைந்து எடுத்துவிட்டு, சின்ன வட்டத்தில் மறுபடி வெட்டுவது. பல்லின் ஆழமும் குறைக்க வேண்டிய அளவும் ஏறக்குறைய ஒன்று. பள்ளம் மிஞ்சினால் துண்டு வீண். அவர் மயிரிழை மயிரிழையாகக் கடைந்தார். கடைசியில் விளிம்பில் நகத்துக்குத் தட்டாத கோடுகள் மட்டும் மிஞ்சின.

மறுபடி ஒன்றிலிருந்து. அக்கா போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எண்ணினேன். முப்பத்தாறாவது பல் முதல் பல்லின் பக்கத்தில் போய்ச் சரியாக நின்றபோது விளக்கு வைக்கிற நேரம். பெல்ட் உட்கார்ந்தது. அக்கா புல்லியைச் சூடு ஆறுவதற்குள் முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினார். பதினாலில் நான் தவறினேனா இல்லையா என்பது கடைசி வரை தெரியவில்லை. அந்தப் பல்தான் சீவலாகிக் குப்பைக்குப் போய்விட்டதே.

இப்போது கூடத்தில் மெஷின்கள் இல்லை. ரேஷனில் மண்ணெண்ணெயும் இல்லை. என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார், அங்கே மெஷினே எண்ணிக்கொள்கிறதாம். புல்லி வேண்டுமென்றால் போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது. வீட்டில் எந்நேரமும் டிவி ஓடுகிறது, யாரும் யாருக்காகவும் வாயை மூட வேண்டியதில்லை.

அந்தப் புல்லி போன மறுநாள் ஒன்பது மணிக்கு முதலாளி போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது, பாவு நூலைத் தொடாமல் திரும்பிவிட்டார் என்று அக்கா போன் செய்தார். என் கணவர் அன்று மத்தியானம் வரை என்னிடம் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு அடுத்த வேலையின் கணக்குக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, “சரியா பாரு” என்றார்.