என் பெயரில் அக்காவின் முகம்

தென்காசியில், சிற்றாற்றுப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போட ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான் கடை. திருமணம் முறிந்து ஊர் திரும்பியபோது இந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்து, முன்பணத்துக்குத் தன் வளையலை அடகு வைத்தவள் என் அக்கா. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமாக இருக்காது.

இதற்கு முன் ஒரு தடவை சிற்றாற்றில் வந்த வெள்ளத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சியின் பீரோவுக்குள் தண்ணீர் புகுந்து பத்திரம், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் கூழாகிப் போயின. நகல் வாங்குவதற்காக அவர் பல மாதங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நிவாரணப் பணம் வந்தபோதுகூட எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாமல் நின்றார். அவருக்கு மனு தட்டித் தந்ததெல்லாம் நான்தான். நமக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

போன புரட்டாசிக் கடைசியில், தண்ணீர் புகாத ஜிப் வைத்த பை ஒன்று வாங்கினேன். ஆதார், பான் கார்டு, கடை வாடகை ஒப்பந்தம், விவாகரத்துத் தீர்ப்பு, படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன். அவசரத்துக்கென்று கொஞ்சம் பணம் போட்டிருந்த பழைய சேமிப்புக் கணக்கின் ஏ.டி.எம். கார்டும் அதில் இருந்தது. கடைசியாக ஒரு பட்டன் போனையும் வைத்தேன். ஆதாரிலும் அந்தக் கணக்கிலும் இணைத்திருந்த நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. தினசரிப் புழக்கத்துக்கு என்னிடம் வேறு நம்பர் உண்டு. கையிலிருக்கும் போன் தண்ணீரில் போனாலும் அந்த நம்பர் பிழைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அக்கா வீடு ஐந்தருவி போகும் சாலையில், மேட்டில் இருக்கிறது. அம்மாவும் அவளோடுதான். பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரம் ஒரு தடவை போனுக்கு சார்ஜ் போடச் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் எடுக்க வேண்டுமே என்று பின் நம்பரையும் சொன்னேன்.

"என்னட்டி, சாவப் போறவ மாதிரி பேசுத?" என்று சிரித்தாள். பிறகு பையை வாங்கிப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

கார்த்திகையில் மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். சிற்றாறு கரை தாண்டும் என்று போலீஸ்காரர்கள் தெருத்தெருவாக வந்து சொன்னதும், மாற்றுத்துணியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அங்கே இருந்தேன். சூடாகச் சோறு போட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். நான் கேட்காமலே பீரோவைத் திறந்து, "பாத்துக்கோ, ஒம் பை பத்திரமா இருக்கு" என்று காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடை போனாலும் காகிதங்கள் பிழைத்தன, அக்கா இருக்கிறாள் என்று நினைத்தேன்.

தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் கடைக்குள் முழங்கால் அளவுக்குச் சகதி. மெஷினைத் திறந்து பார்த்த மெக்கானிக், "இனி இது இரும்பு வெலைக்குத்தான்க்கா போகும்" என்றார். பழைய மெஷின் என்பதால் இன்சூரன்ஸ் எடுக்க முடிந்திருக்கவில்லை. சிறு வியாபாரிகளுக்குக் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மார்கழிக் கடைசியில் வங்கிக்குப் போனேன். நான் அதுவரை யாரிடமும் கடன் வாங்காதவள். அதனால் தைரியமாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் இருக்கேம்மா. ரெண்டு தவணை கட்டல. ஸ்கோர் ரொம்ப இறங்கியிருக்கு" என்றார்.

"வேற யாரோடதோ பாக்குதிய சார்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் பிறந்த தேதி, என் பான் நம்பர். ஐப்பசியில் எடுத்த கடன். கொடுத்தது ஒரு தனியார் நிதி நிறுவனம். அதற்கு ஊருக்குள்ளேயே கிளை இருந்தது. நேராக அங்கே போனேன். கவுன்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, "போட்டோ உங்களதுதானே மேடம்?" என்று கேட்டாள்.

அது அக்கா.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். சின்ன வயதிலிருந்தே ஆட்கள் மாற்றிக் கூப்பிடுவார்கள். அக்கா எப்போதும் கோண வகிடுதான் எடுப்பாள், பெரிய சிவப்புப் பொட்டு வைப்பாள். படத்தில் நடு வகிடு எடுத்து, என் ஆதார் படத்தில் இருப்பதுபோலச் சின்னக் கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள். மூக்குத்தியைக்கூடக் கழற்றியிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று அவள் என்னைப்போல் ஆகிக்கொண்டிருந்த அந்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோ பிடித்துப் போனபோது அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"போட்டோவப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

கையிலிருந்த கீரைக்காம்பைக் கீழே போட்டாள். பிறகு சொன்னாள்: "சீசனுக்கு ஐந்தருவில கடை எடுத்தோம்லா. தண்ணி கூடிப்போச்சுன்னு தடைக்கு மேல தடை. பாதி நாள் ஆளே வரல. வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்குதான். அத்தானுக்கு எங்கயும் குடுக்க மாட்டேனுட்டான். ஒம் பேருதான் சுத்தமா இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட. மாசாமாசம் கெட்டிருவோம், ஒனக்குத் தெரியாமலே முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "எதுக்கு இப்படிக் கத்துத? கூடப் பொறந்தவ கஷ்டத்துக்குத்தான எடுத்தா?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "ஒனக்கும் தெரியுமா?"

"போட்டோவுக்கு வெளிச்சம் பத்தலன்னா. ஜன்னலத் தொறந்துவுடச் சொன்னா. வுட்டேன்" என்றாள் அம்மா, சாதாரணமாக.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போனில் கிட்டத்தட்ட பாதி சார்ஜ் இருந்தது. கடனுக்கு வந்த ஓ.டி.பி.யும் தவணை கேட்டு வந்த மெசேஜ்களும் அதில்தான் இருந்தன. ஏ.டி.எம்.மில் போய்ப் பார்த்தால், அந்தக் கணக்குக்கு வந்த கடன் பணத்தோடு நான் போட்டு வைத்திருந்த பணமும் இல்லை.

கடன் என்னுடையது இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் போலீஸ் புகார் நகல் வேண்டும் என்று நிதி நிறுவனத்தில் சொன்னார்கள். ஊராருக்கெல்லாம் புகார் மனு தட்டிக் கொடுத்த எனக்கு, 'எதிர்மனுதாரர்' என்ற இடத்தில் அக்கா பெயரை அடிக்க ஒரு வாரம் ஆனது. அடித்தேன். கொடுத்தேன். ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்ததும் அத்தான் கடையின் ஃப்ரீசரையும் பைக்கையும் விற்றுக் கடனை முடித்தார். நானும் புகாரை அதற்குமேல் கொண்டுபோகவில்லை. கடன் முடிந்தாலும் தவறிய தவணைகள் என் பெயரில் சில வருடங்கள் பதிவில் இருக்கும் என்றார் வங்கி அதிகாரி. திருநெல்வேலியில் ஒருவரிடம் மெஷினை மாத வாடகைக்கு எடுத்துக் கடையைத் திறந்தேன். வருமானத்தில் பாதி வாடகைக்கே போகிறது. சொந்தக்காரர்கள் மத்தியில், கூடப் பிறந்தவளை ஸ்டேஷனில் நிறுத்தியவள் என்று எனக்குப் பெயர்.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போனேன். அக்காவும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து இரண்டு பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அக்கா போட்டுவிட்டு, "இங்கன போடு" என்று என்னிடம் நீட்டினாள்.

நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பின்பக்கத்தையும் புரட்டிப் படித்தேன். அது சிகிச்சைக்கான சம்மதப் படிவம்தான், வேறொன்றும் இல்லை. நான் படித்து முடிக்கும்வரை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டு நர்ஸிடமே நேராகக் கொடுத்தேன்.